தமிழ்ப் பக்கத்தை ஏஐ உதவியாளருக்கு எப்படிக் காட்டுவது: ப்ரிவியூ கருவிகள், ஓர் ஒப்பீடு

நாகர்கோவிலிலும் மார்த்தாண்டத்திலும் இருந்துகொண்டு கடைகளுக்கும் ஹோம்ஸ்டேக்களுக்கும் இணையதளம் செய்து கொடுப்பவர்கள் இப்போது க்ளோட் கோட், கர்சர், காப்பைலட் என்று ஏதாவது ஓர் ஏஐ உதவியாளரை வைத்து வேலை பார்க்கிறார்கள். கோட் எழுதுவதில் இவை கெட்டி. ஆனால் எழுதிய பக்கம் திரையில் எப்படி வந்து நிற்கிறது என்பது, நாம் காட்டாதவரை, இவற்றுக்குத் தெரியாது. "பட்டனைச் சரிசெய்துவிட்டேன்" என்று பதில் வரும். ஃபோனில் திறந்தால் பட்டன் இரண்டு வரியாக உடைந்து வாட்ஸாப் ஐகானுக்கு அடியில் கிடக்கும். நாம் படம் எடுத்து ஒட்டி, "இன்னும் சரியாகவில்லை" என்று எழுத, அது இன்னொன்றை மாற்ற, மறுபடி நாம் படம் எடுக்க, சாயங்காலம் ஆகிவிடும்.

ப்ரிவியூ கருவி இந்த அலைச்சலை நிறுத்துகிறது. உதவியாளரே ப்ரௌசரைத் திறந்து பக்கத்தைப் பார்க்கும், திருத்தும், மறுபடி பார்க்கும். இதற்குப் பல வழிகள் வந்துவிட்டன. எது நல்லது என்று ஒப்பிடும் கட்டுரைகளும் நிறைய இருக்கின்றன. ஆனால் அவை பெரும்பாலும் ஆங்கிலப் பக்கங்களை வைத்துச் செய்த ஒப்பீடுகள். நம் வேலை வேறு. பக்கம் தமிழில் இருக்கும், களியக்காவிளைப் பக்கம் போனால் மலையாளமும் சேர்ந்திருக்கும். பார்க்கிறவர்கள் ஃபோனில் பார்ப்பார்கள். செய்கிறவர் கையில் இருப்பது எட்டு ஜிபி ராம் உள்ள லேப்டாப். இந்த மூன்றையும் வைத்துப் பார்த்தால், பக்கத்தைப் படமாக இல்லாமல் எழுத்தாக வாங்கிப் பார்ப்பதே சிக்கனம் என்று வழக்கமாகச் சொல்லப்படும் முடிவு நமக்குப் பொருந்தவில்லை. ஏன் என்று விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் கருவியைத் தேர்ந்தெடுப்பதே அதைப் பொறுத்துத்தான் இருக்கிறது.

எழுத்தாகப் பார்ப்பதா, படமாகப் பார்ப்பதா

உதவியாளர் ஒரு பக்கத்தைப் பார்க்க இரண்டு வகை உண்டு. ஒன்று, பக்கத்தின் அமைப்பை எழுத்தாக வாங்கிப் படிப்பது. பார்வையற்றவர்களுக்குத் திரையைப் படித்துச் சொல்லும் மென்பொருள் எந்த அமைப்பை நம்பியிருக்கிறதோ, அதே அக்ஸசிபிலிட்டி ட்ரீதான் இது. இங்கே ஒரு தலைப்பு, அதன் கீழே ஒரு பட்டன், பட்டனில் இன்ன எழுத்து என்று வரிவரியாக வரும். இன்னொன்று, ஸ்க்ரீன்ஷாட் எடுத்துப் படமாகப் பார்ப்பது.

ட்ரீ சிக்கனம், படம் செலவு என்பது பொதுவான பேச்சு. ஆங்கிலப் பக்கத்துக்கு அது பெரும்பாலும் சரி. தமிழுக்கு வரும்போது கணக்கு மாறுகிறது. உதவியாளருக்குப் பின்னால் இருக்கும் ஏஐ மாடல்கள் எழுத்தைத் துண்டு துண்டாக, டோக்கனாக, எண்ணுகின்றன. ஒரே செய்தியை ஆங்கிலத்தில் சொல்வதைவிடத் தமிழில் சொல்ல, பெரும்பாலான மாடல்களில் டோக்கன் அதிகம் ஆகும். ஒரு நீளமான தமிழ்ப் பக்கத்தின் ட்ரீயை ஒவ்வொரு க்ளிக்குக்கும் மறுபடி மறுபடி அனுப்பினால், உரையாடலின் கொள்ளளவு சீக்கிரம் நிரம்பி, உதவியாளர் ஆரம்பத்தில் நாம் சொன்னதையே மறக்கத் தொடங்கும். படத்தின் செலவு மொழியைப் பார்ப்பதில்லை, அளவைத்தான் பார்க்கிறது. க்ளோட் மாடல்களுக்கு, அவற்றை உருவாக்கும் ஆந்த்ரோபிக் நிறுவனம் கொடுத்திருந்த தோராயக் கணக்கு, அகலத்தையும் உயரத்தையும் பெருக்கி 750ஆல் வகுப்பது. 1280க்கு 720 அளவில் ஒரு கணினித் திரை சுமார் 1,230 டோக்கன். 360க்கு 800 அளவில் ஒரு ஃபோன் திரை சுமார் 385 டோக்கன்தான். மாடலுக்கு மாடல் இந்தக் கணக்கு மாறும், ஆனாலும் திசை இதுதான். ஃபோன் அகலத்தில் தமிழ்ப் பக்கம் செய்கிறவருக்குப் படம் மலிவு.

செலவை விடுங்கள். ட்ரீயில் தெரியவே தெரியாத பிரச்சினைகள்தான் தமிழ்ப் பக்கத்தில் அதிகம் வருகின்றன. மார்த்தாண்டத்தில் தேன் விற்கும் ஒருவருக்குப் பக்கம் செய்கிறோம் என்று வையுங்கள். மார்த்தாண்டம் தேனுக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்ததால், ஊர்ப்பெயரைத் தலைப்பில் பெரிதாகப் போடவே எல்லோரும் விரும்புவார்கள். உதவியாளர் ஆங்கில டெம்ப்ளேட் பழக்கத்தில் தலைப்புக்கு வரி உயரம் 1 என்று வைத்து, பெட்டிக்கு வெளியே போவதை மறைக்கும் சிஎஸ்எஸ்ஸையும் (பக்கத்தின் தோற்றத்தைத் தீர்மானிக்கும் கோட்) சேர்த்துவிடும். ஆங்கில எழுத்து அதற்குள் அடங்கிவிடும். தமிழில் புள்ளி மேலே நிற்கிறது. மேல்பக்கம் வெட்டுப்பட்டால் "மார்த்தாண்டம்" திரையில் "மாரததாணடம" என்று நிற்கும். "மக்ளே, நம்ம ஊரு பேருல புள்ளி எல்லாம் எங்க போச்சு?" என்று கடைக்காரர் கேட்கும்போதுதான் தெரியவரும். ட்ரீயில் கேட்டால் தலைப்பு "மார்த்தாண்டம் தேன்", எல்லாம் சரி என்றுதான் வரும். எழுத்து உள்ளே சரியாகத்தானே இருக்கிறது!

தோவாளைப் பூச்சந்தை விலைப் பட்டியலும் இப்படித்தான். பிச்சி, மல்லி, கனகாம்பரம், சம்பங்கி, செவ்வந்தி என்று பெயர், கிலோ விலை, நேற்றைய விலை என மூன்று நெடுவரிசை வைத்தால், ட்ரீயில் அட்டவணை அழகாக வரும். 360 பிக்சல் ஃபோனில் "கனகாம்பரம்" என்ற ஒரு சொல்லே பாதி அகலத்தைப் பிடித்துக்கொண்டு, விலை திரைக்கு வெளியே போயிருக்கும். விலை பார்க்கத்தான் ஆட்கள் வருகிறார்கள்.

படத்துக்கும் ஒரு குறை இருக்கிறது. படத்தில் இருக்கும் தமிழை மாடல்கள் ஆங்கிலம் அளவுக்கு நம்பிக்கையாக வாசிப்பதில்லை. ழகரத்தை ளகரமாகப் படித்துவிட்டு, "எழுத்துப்பிழை இருக்கிறது" என்று சரியான சொல்லைத் திருத்த வந்துவிடும். அதனால் எழுத்துப்பிழை பார்க்க மூல எழுத்து, அமைப்பு பார்க்கப் படம் என்று வேலையைப் பிரித்துக் கொடுப்பது நல்லது. இரண்டையும் தரக்கூடிய கருவிதான் நமக்கு வேண்டும்.

எடிட்டருக்குள் இருக்கும் ப்ரிவியூ

கர்சரிலும் க்ளோட் கோட் டெஸ்க்டாப் செயலியிலும் ப்ரௌசர் உள்ளேயே வந்துவிட்டது. தனியாக எதுவும் நிறுவ வேண்டாம். டெவ் சர்வரை (செய்துகொண்டிருக்கும் தளத்தை நம் கணினியிலேயே ஓட்டிக் காட்டும் நிரல்) எப்படித் தொடங்குவது, எந்தப் போர்ட் (அது திறக்கும் எண்) என்று சொன்னால் போதும், உதவியாளர் சர்வரைத் தொடங்கி, பக்கத்தைத் திறந்து, மாற்றத்துக்குப் பிறகு படம் எடுத்துப் பார்க்கும். நாமும் பக்கத்திலேயே உட்கார்ந்து அதே ஜன்னலைப் பார்க்கலாம். சிலவற்றில் ஒரு பகுதியைச் சுட்டிக்காட்டி "இதை மாற்று" என்று சொல்லவும் முடியும்.

முதன்முதலாக இந்த வேலைக்குள் வருபவர்களுக்கும் கல்லூரி மாணவர்களுக்கும் இதைத்தான் சொல்வேன். அமைப்பதில் தவறு செய்ய இடம் குறைவு. விண்டோஸிலோ மேக்கிலோ நேரடியாக ஓடுவதால் தமிழ் எழுத்துருவும் தானாகக் கிடைக்கும். விண்டோஸில் நிர்மலா, மேக்கில் தமிழ் சங்கம் கூடவே வருகின்றன.

சிக்கல் என்னவென்றால், இன்று கர்சர், நாளை வேறொன்று என்று மாறுகிறவர்கள்தான் அதிகம். எடிட்டர் மாறினால் ப்ரிவியூ அமைப்பும் போய்விடும். இரண்டு மூன்று பேர் சேர்ந்து வேலை செய்யும் இடத்தில், ஒருவரிடம் உள்ள வசதி அடுத்தவரிடம் இருக்காது. எட்டு ஜிபி லேப்டாப்பில் எடிட்டர், அதற்குள் ஒரு ப்ரௌசர், வெளியே நம் க்ரோம், டெவ் சர்வர் எல்லாம் சேர்ந்தால் மூச்சு முட்டும்.

ப்ளேரைட் எம்சிபி

எம்சிபி என்பது உதவியாளரையும் வெளிக் கருவிகளையும் பேசவைக்க ஆந்த்ரோபிக் 2024 நவம்பரில் வெளியிட்ட திறந்த நெறிமுறை. இப்போது ஏறக்குறைய எல்லா உதவியாளர்களும் இதை ஏற்றுக்கொண்டுவிட்டன. ஆகவே எம்சிபி வழியாக ஒரு கருவியை அமைத்தால், எடிட்டர் மாறினாலும் அது கூட வரும்.

ப்ளேரைட், மைக்ரோசாஃப்ட் 2020இல் வெளியிட்ட ப்ரௌசர் சோதனைக் கருவி. அதன்மேல் 2025இல் வந்ததுதான் ப்ளேரைட் எம்சிபி. ஜாவாஸ்க்ரிப்ட் நிரல்களைக் கணினியில் ஓட்டும் நோட் ஜேஎஸ் இருந்தால் உதவியாளரின் எம்சிபி அமைப்பில் ஒரே வரியில் சேர்த்துவிடலாம். பழைய கட்டுரைகளில் பப்பெட்டியர் எம்சிபி என்று ஒன்று வரும், அது இப்போது பராமரிப்பில் இல்லை, புதிதாக அமைப்பவர்கள் அந்தப் பக்கம் போக வேண்டாம்.

இயல்பாக இது ட்ரீயைத்தான் உதவியாளரிடம் கொடுக்கும். மேலே சொன்ன காரணத்தால், நம் பக்கங்களுக்கு இந்த இயல்பை அப்படியே விட்டுவிடக் கூடாது. ஸ்க்ரீன்ஷாட் எடுக்கும் வசதி இதிலேயே இருக்கிறது, ஆனால் நாம் சொல்லாவிட்டால் உதவியாளர் பெரும்பாலும் ட்ரீயோடு நின்றுவிடும். திறக்கும்போதே ஜன்னல் அளவை ஃபோன் அளவுக்கு வைக்கும் விருப்பம், திரையில் ஜன்னலே காட்டாமல் பின்னணியில் ஓடும் ஹெட்லெஸ் விருப்பம், ஒவ்வொரு முறையும் எந்த லாகினும் பழைய நினைவும் இல்லாத புதிய ப்ரொஃபைலோடு தொடங்கும் ஐசொலேட்டட் விருப்பம், இந்த மூன்றையும் அமைப்பிலேயே எழுதிவிடுங்கள். ஹெட்லெஸ் வைத்தால் ராமும் கொஞ்சம் மிஞ்சும். கணினியில் க்ரோம் இருந்தால் அதையே பயன்படுத்திக்கொள்ளும், ஃபோன் ஹாட்ஸ்பாட்டில் வேலை பார்க்கிறவர்கள் தனியாக ப்ரௌசர் தரவிறக்கி டேட்டாவைக் கரைக்க வேண்டியதில்லை.

இதன் பெரிய பலம் படிவங்களில் தெரியும். ஹோம்ஸ்டே முன்பதிவில் தேதி தேர்ந்தெடுத்து, ஆள் எண்ணிக்கை போட்டு, அனுப்பு என்று அமுக்கி, நன்றி என்ற பக்கம் வருகிறதா என்பதுவரை உதவியாளர் தானே செய்து பார்க்கும். இங்கே ட்ரீதான் சரியான வழி, படம் தேவையில்லை. ஒரு பகுதியை மட்டும் தனியாகப் படம் எடுக்கவும் முடியும். தலைப்பில் புள்ளி இருக்கிறதா என்று பார்க்க அதுதான் வழி. முழுப் பக்கத்தையும் ஒரே நீளப் படமாக எடுத்தால், அளவுக்கு மீறிய படத்தைப் பல மாடல்கள் சுருக்கிவிட்டுத்தான் பார்க்கும், சுருங்கிய படத்தில் புள்ளி எங்கே தெரியப் போகிறது?

பக்கத்துக்குள் ஜாவாஸ்க்ரிப்ட் ஓட்டி அளந்து பார்க்கும் வசதியும் இருக்கிறது. பக்கத்தின் அகலம் திரையின் அகலத்தைவிட அதிகமா என்று கேட்கச் சொன்னால், தோவாளை அட்டவணை மாதிரி பக்கவாட்டில் வழிவது உடனே சிக்கும். மேல்பக்கம் எழுத்து வெட்டுப்படுவது இந்த அளவையில் சிக்காது, அதற்குப் படம்தான்.

இனி எழுத்துரு விஷயம். தமிழ்ப் பக்கம் செய்பவர்கள் இதில்தான் அதிகம் இடறுகிறார்கள். விண்டோஸ் லேப்டாப்பில் டபிள்யூஎஸ்எல் வழியாக லினக்ஸை வைத்து அதற்குள் க்ளோட் கோடை ஓட்டுகிறவர்கள் இங்கே நிறையப் பேர். ப்ரௌசரும் லினக்ஸுக்குள்ளேயே ஓடும். அந்த லினக்ஸில் பெரும்பாலும் தமிழ் எழுத்துரு இருக்காது. ஸ்க்ரீன்ஷாட்டில் தமிழ் முழுக்கக் கட்டம் கட்டமாக வரும். ட்ரீயை மட்டும் பார்க்கும் உதவியாளர் எதையும் கவனிக்காது. படத்தைப் பார்க்கும் உதவியாளர் பக்கத்தில் ஏதோ தவறு என்று நினைத்து, நல்ல சிஎஸ்எஸ்ஸைப் பிடித்து மாற்ற ஆரம்பிக்கும். தவறு பக்கத்தில் இல்லை, ப்ரௌசர் ஓடும் இடத்தில். உபுண்டு, டெபியன் இரண்டிலும் நோட்டோ எழுத்துருத் தொகுப்பை நிறுவினால் தமிழும் மலையாளமும் சேர்ந்தே வந்துவிடும். தமிழ் மட்டும் போதும் என்றால் லோஹித் தமிழ் தொகுப்பு இருக்கிறது. நிறுவிவிட்டு ப்ரௌசரை மூடித் திறக்க வேண்டும்.

அதோடு முடிந்துவிடுவதில்லை. நிர்மலாவின் எழுத்து அகலமும் ஆண்ட்ராய்டில் இருக்கும் நோட்டோவின் அகலமும் ஒன்றல்ல. லேப்டாப்பில் ஒரே வரியில் அடங்கிய "முன்பதிவு செய்யுங்கள்" ஃபோனில் இரண்டு வரியாகும். இதைத் தவிர்க்க, பக்கத்திலேயே வெப் ஃபான்ட்டாக ஒரு தமிழ் எழுத்துருவைச் சேர்த்துவிடுவதுதான் உறுதியான வழி. அப்போதுதான் உதவியாளர் பார்க்கும் பக்கமும் வாடிக்கையாளர் பார்க்கும் பக்கமும் ஒன்றாக இருக்கும். எந்தக் கருவியைத் தேர்ந்தெடுத்தாலும் இதைச் செய்யுங்கள்.

க்ரோம் டெவ்டூல்ஸ் எம்சிபி

இது கூகுள் 2025 செப்டம்பரில் முன்னோட்டமாக வெளியிட்டது. ப்ளேரைட் செய்யும் அடிப்படை வேலைகளையெல்லாம் இதுவும் செய்யும்: திறக்கும், க்ளிக் செய்யும், படம் எடுக்கும். ஆனால் பக்கம் ஏன் மெதுவாக வருகிறது என்பதற்கு இதற்கு இணை இல்லை. கன்சோல் பிழைகள், எந்தக் கோப்பு எவ்வளவு நேரம் எடுத்தது என்ற நெட்வொர்க் பட்டியல், முழுச் செயல்வேகப் பதிவு எல்லாம் உதவியாளர் கைக்குப் போகும். இணைய வேகத்தையும் ப்ராஸசர் வேகத்தையும் குறைத்துப் பார்க்கவும் செய்யலாம்.

கன்னியாகுமரியில் ஹோம்ஸ்டே, லாட்ஜ் வைத்திருப்பவர்களின் பக்கத்துக்கு இது ஏன் வேண்டும் என்றால், எல்லோருமே முகப்பில் சூரிய உதயப் படம் கேட்பார்கள். 133 அடி வள்ளுவர் சிலையும் விவேகானந்தர் பாறையும் அதில் இருக்க வேண்டும். கேமராவிலிருந்து வந்த படத்தை அப்படியே ஏற்றினால் பல எம்பி. சபரிமலை சீசனில், நவம்பரிலிருந்து ஜனவரிவரை, ஊரே நிரம்பி வழியும்போது, பஸ்ஸில் வந்துகொண்டே ரூம் தேடுகிறவர் ஃபோனில் அந்தப் படம் வந்து சேர்வதற்குள் அடுத்த லாட்ஜுக்குப் போய்விடுவார். கூகுளின் அளவுகோலில் பக்கத்தின் முக்கியமான பெரிய பகுதி 2.5 விநாடிக்குள் தெரிய வேண்டும். உதவியாளரிடம் "வேகம் குறைந்த இணைப்பில் பதிவு எடு, எது தாமதப்படுத்துகிறது பார்" என்றால், இந்தப் படம்தான் என்று காட்டிக்கொடுத்து, சின்ன அளவுகளில் மாற்றி, மறுபடி அளந்தும் பார்த்துவிடும். படம் வந்து சேரும்போது கீழே உள்ள ஃபோன் எண் துள்ளிக் கீழே போகிறதே, அந்தக் குறையும் இதே பதிவில் சிக்கும்.

மற்றபடி தினசரி வேலைக்கு இதைத் திறந்தே வைத்திருப்பதை நான் விரும்புவதில்லை. இரண்டு எம்சிபி சேர்ந்து ஓடினால் உதவியாளர் எதைக் கூப்பிடுவது என்று குழம்புகிறது. அதோடு ஒவ்வொரு எம்சிபியும் தன் கருவிப் பட்டியலைக் கொண்டுவந்து இடத்தைப் பிடிக்கும். பக்கம் முடியும் தறுவாயில் வேகம் பார்க்க மட்டும் இதை இயக்கிக்கொள்ளலாம்.

வெறும் ஸ்க்ரீன்ஷாட் கட்டளை

இதை யாரும் பெரிதாகச் சொல்வதில்லை, ஆனால் பழைய லேப்டாப் வைத்திருப்பவர்களுக்கு இதைத்தான் நான் முதலில் சொல்வேன். எம்சிபியே வேண்டாம். ப்ளேரைட்டில் ஒரு முகவரியைக் கொடுத்தால் படம் எடுத்துக் கோப்பாகப் போடும் கட்டளை இருக்கிறது. எந்த ஃபோன் மாதிரி, எவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டும் என்பதையெல்லாம் அதிலேயே கொடுக்கலாம். "மாற்றம் செய்ததும் இந்தக் கட்டளையை ஓட்டி, வரும் படத்தைத் திறந்து பார்" என்று உதவியாளரிடம் சொன்னால் போதும். டெர்மினல் இருக்கும் எந்த உதவியாளரும் இதைச் செய்யும். ப்ரௌசர் படம் எடுக்கும் நேரம் மட்டும் ஓடிவிட்டு மூடிக்கொள்ளும். கருவிப் பட்டியல் இல்லை, ட்ரீ இல்லை, ராமும் மிச்சம். தேன் கடை, பூ விலை, கோவில் கொடை அறிவிப்பு மாதிரி ஒரே பக்கத் தளத்துக்கு இதற்குமேல் பெரும்பாலும் தேவைப்படாது.

க்ளிக் செய்ய, படிவம் நிரப்ப, ஒரு பகுதியை மட்டும் தனியாக எடுக்க, அகலத்தை அளக்க முடியாது என்பதுதான் குறை. காத்திருக்கும் நேரத்தைச் சொல்ல மறந்தால், எழுத்துரு வந்து சேர்வதற்கு முன்பே எடுத்த படம் வரும், அதை வைத்து உதவியாளர் தவறான முடிவுக்குப் போகும்.

இணையத்தில் ஏற்றிக் காட்டுவது

இணையதளங்களை ஏற்றிவைக்கும் சேவைகளான வெர்செல், நெட்லிஃபை, க்ளவுட்ஃப்ளேர் பேஜஸ் மூன்றிலும் ஒவ்வொரு மாற்றத்துக்கும் தனி ப்ரிவியூ முகவரி கிடைக்கும். வாடிக்கையாளரிடம் வாட்ஸாப்பில் அனுப்ப அருமை. குலசேகரத்தில் இருக்கும் ரப்பர் வியாபாரியிடம் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு போக வேண்டியதில்லை. ஆனால் உதவியாளருக்கான கண்ணாக இதை நம்பக் கூடாது. ஒவ்வொரு சின்ன மாற்றத்துக்கும் ஏற்றி, பில்டு முடியக் காத்திருக்க வேண்டும். வெர்செலில் ப்ரிவியூ முகவரிக்குப் பூட்டு இருந்தால் உதவியாளர் பார்ப்பது நம் பக்கத்தை இல்லை, லாகின் பக்கத்தை. நம் கணினியில் ஓடும் பக்கத்தை இணையத்தில் திறந்துவிடும் என்க்ராக் மாதிரி டன்னல் வழியாகக் காட்டினாலும் இலவசக் கணக்கில் முதலில் ஓர் எச்சரிக்கைப் பக்கம் வரும், உதவியாளர் அதைப் பார்த்துவிட்டு "பக்கம் வெறுமையாக இருக்கிறது" என்று சொல்லும்.

எதைத் தேர்ந்தாலும் கவனிக்க வேண்டியவை

போர்ட் குழப்பம்தான் நேரத்தை அதிகம் தின்பது. நாம் ஏற்கெனவே வீட் (Vite) என்ற டெவ் சர்வரை 5173இல் ஓட்டிக்கொண்டிருப்போம். உதவியாளர் அது தெரியாமல் இன்னொன்றைத் தொடங்கும், அது சத்தமில்லாமல் 5174க்குப் போய்விடும். அதற்குள் நாம் வேறு ப்ராஜெக்ட்டுக்கு மாறியிருந்தால், உதவியாளர் 5173ஐத் திறந்து போன வாரத்து லாட்ஜ் பக்கத்தைப் பார்த்துக்கொண்டு, தேன் பக்கத்தில் திருத்தம் செய்துகொண்டிருக்கும். வீட் சர்வரின் அமைப்பில் ஸ்ட்ரிக்ட்போர்ட் விருப்பத்தை இயக்கிவிட்டால், போர்ட் காலியில்லாதபோது நகராமல் பிழை காட்டி நின்றுவிடும். ஒவ்வொரு ப்ராஜெக்ட்டுக்கும் ஒரு போர்ட் என்று பிரித்தும் வையுங்கள். ஆஃப்லைனில் வேலை செய்யச் சர்வீஸ் வொர்க்கர் போட்ட தளமென்றால், பழைய பக்கம் நினைவில் தங்கி அதையே காட்டிக்கொண்டிருக்கும், புதிய ப்ரொஃபைலோடு தொடங்கும் வழக்கம் அதற்கும் மருந்து.

பாதுகாப்பு இதைவிட முக்கியம். நாம் தினமும் பயன்படுத்தும் க்ரோம் ப்ரொஃபைலில் ஜிமெயில் திறந்திருக்கும், பேங்க் திறந்திருக்கும், வாடிக்கையாளரின் பேமென்ட் கணக்குகூடத் திறந்திருக்கும். அந்த ப்ரொஃபைலை உதவியாளர் கையில் கொடுக்கவே கூடாது. வெளிப் பக்கம் ஒன்றில் யாரோ ஒளித்துவைத்த கட்டளையை உதவியாளர் நம் கட்டளை என்று எடுத்துக்கொள்ளும் ஆபத்து நிஜமானது. க்ரோம் 136ஆம் பதிப்பிலிருந்து நம் வழக்கமான ப்ரொஃபைலை ரிமோட் டீபக்கிங் போர்ட் (வேறொரு நிரல் ப்ரௌசரை இயக்கும் வழி) வழியாகத் திறக்க முடியாதபடி செய்துவிட்டதற்கும் லாகின் தகவல் திருட்டு பயம்தான் காரணம். ப்ளேரைட் எம்சிபியில் லோக்கல்ஹோஸ்ட்டை (நம் கணினியிலேயே ஓடும் தளத்தை) மட்டும் அனுமதிக்கும் விருப்பம் உண்டு. அதைப் போடுங்கள், ஆனால் அதை முழுப் பூட்டு என்று நினைக்க வேண்டாம், ப்ளேரைட் ஆவணமே அப்படிச் சொல்லவில்லை. தனி ப்ரொஃபைல்தான் முதல் காவல்.

என் தேர்வு

படிவம், முன்பதிவு, கூடை என்று ஏதாவது இருக்கும் தளமென்றால் ப்ளேரைட் எம்சிபி, ஹெட்லெஸ், தனி ப்ரொஃபைல், 360 அகலம். ஒரே பக்கத் தளமென்றால் ஸ்க்ரீன்ஷாட் கட்டளை. படம் நிறைந்த சுற்றுலாத் தளமென்றால் முடிவில் ஒரு தடவை க்ரோம் டெவ்டூல்ஸ் எம்சிபி. இப்போதுதான் தொடங்குகிறவர் எடிட்டர் ப்ரிவியூவோடு ஆரம்பித்து, அது போதாமல் போகும்போது மாறிக்கொள்ளலாம்.

கருவியைவிட, ப்ராஜெக்ட்டில் உதவியாளர் படிக்கும் குறிப்புக் கோப்பில் என்ன எழுதுகிறோம் என்பதுதான் பலனைத் தீர்மானிக்கிறது. க்ளோட் கோடுக்கு அது க்ளோட் டாட் எம்டி, வேறு பலவற்றுக்கு ஏஜென்ட்ஸ் டாட் எம்டி. நான் எழுதச் சொல்வது இவ்வளவுதான். கண்ணில் தெரியும் மாற்றம் செய்தால் 360 அகலத்தில் படம் எடுத்துப் பார்க்காமல் முடிந்தது என்று சொல்லாதே. முழுப் பக்கப் படம் வேண்டாம், திரை திரையாக எடு. தலைப்புகளைத் தனியாக எடுத்து, புள்ளியும் கொம்பும் உகரச் சுழியும் முழுதாக இருக்கிறதா பார். பக்கவாட்டில் வழிகிறதா என்று அளந்து சொல். தமிழ் கட்டமாகத் தெரிந்தால் பக்கத்தைத் திருத்தாதே, எழுத்துரு இல்லை என்று என்னிடம் சொல். படத்தில் படித்ததை வைத்து எழுத்துப்பிழை திருத்தாதே. சர்வர் ஓடிக்கொண்டிருந்தால் புதிதாகத் தொடங்காதே.

ரப்பர் தளிர்விடும் ஜனவரி முதல் மார்ச்வரை தேன் வரத்து கூடும் காலம், அப்போதுதான் தேன் கடைப் பக்கத்துக்கும் ஆர்டர் வரும். அதற்கு முன்பே பக்கத்தை முடித்து, டெவ் சர்வரை வைஃபையில் திறந்துவிட்டு, கடைக்காரரின் ஃபோனிலேயே ஒருமுறை பார்த்துவிடுங்கள். வீட் சர்வருக்கு ஹோஸ்ட் என்ற விருப்பத்தைக் கொடுத்தால் அதே வைஃபையில் இருக்கும் எந்த ஃபோனிலும் திறக்கும். ஐஃபோன் வைத்திருப்பவர் என்றால் இதைத் தவறாமல் செய்யுங்கள். ப்ளேரைட்டில் சஃபாரிக்கு அடிப்படையான வெப்கிட் இருந்தாலும் அது ஐஃபோனின் சஃபாரி அல்ல. முகவரிப் பட்டை மேலும் கீழும் போய்வரும்போது, அடியில் ஒட்டிவைத்த ஆர்டர் பட்டன் என்ன ஆகிறது என்பது அந்த ஃபோனில்தான் தெரியும்.